பனி ஹாக்கி டிராஃப்ட்: ஓர் இடம் முன்னேறுவதற்கு என்ன விலை?

ஜூன் மாதம் பிறந்தால் வட அமெரிக்காவின் பனி ஹாக்கி ரசிகர்களுக்கு, இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட்தான் பேச்சு. எந்த இளம் ஆட்டக்காரரை எந்த அணி எடுக்கும், எந்த அணி எதைக் கொடுத்து வரிசையில் முன்னே வரும் என்ற வாதம் வாரக்கணக்கில் ஓயாது. பிள்ளைகள் இந்த ஆட்டத்தைப் பார்த்தே வளரும் டொராண்டோவின் தமிழ் வீடுகளிலும் அது நடக்கிறது. அத்தனை பேச்சிலும் இரண்டு வாக்கியங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. ஒன்று, “நமக்கு 4-ஆவது இடம் கிடைத்துவிட்டது, இனி ஒரு நட்சத்திரம் உறுதி.” மற்றொன்று, “மூன்றே மூன்று இடம் முன்னேற ஒரு பிக்கைத் (ஆள் எடுக்கும் முறையைத்) தூக்கிக் கொடுத்துவிட்டார்களே!” இரண்டும் ஒரே பிழையிலிருந்து பிறப்பவை. வரிசையில் உள்ள இடத்தையும், அந்த இடத்தில் எடுக்கப்படும் ஆட்டக்காரரையும் ஒன்றாக எண்ணிவிடுவதே அந்தப் பிழை. அதை அவிழ்த்துக் காட்டவே இக்கட்டுரை. பனி ஹாக்கியை ஒருமுறையும் பார்த்திராதவரும் இதைப் பின்தொடரலாம். ஆட்டத்தின் விதிகள் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## ஏலம் வேறு, டிராஃப்ட் வேறு

ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு, அணிகள் ஆட்டக்காரர்களைப் பிரித்துக்கொள்வது என்றவுடன் பணம்தான் நினைவுக்கு வருகிறது. டிராஃப்ட்டில் யாரும் விலை கேட்பதில்லை. முறை வைத்து ஆள் எடுக்கிறார்கள். தெருவில் கிரிக்கெட் ஆடப்போகும்போது இரண்டு தலைவர்கள் எதிரெதிரே நின்று, சா பூ த்ரீ போட்டு யார் முதலில் கேட்பது என்று முடிவுசெய்து, மாறி மாறி ஆள் பிரிப்பார்கள் அல்லவா? அதே வேலையை 32 அணிகள், 7 சுற்றுகளாக, மொத்தம் 224 முறை செய்தால் அது என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக்கின் இன்றைய டிராஃப்ட். 1963-இல் மாண்ட்ரியல் நகரின் ஓர் ஓட்டலில் இது முதன்முதலாக நடந்தபோது லீக்கில் 6 அணிகளே இருந்தன. எடுக்கப்பட்டவர்கள் 21 பேர் மட்டுமே.

வரிசையில் ஒருமுறை ஆள் எடுக்கும் உரிமைக்குப் ‘பிக்’ என்று பெயர். இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஆதாரமான சொல் இதுதான் என்பதால் சற்று நின்று கவனிக்க வேண்டும். பிக் என்பது ஓர் உரிமை. தன் முறை வரும்போது, மீதமிருப்பவர்களில் ஒருவரைக் கேட்கலாம் என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்வதில்லை. எடுக்கப்பட்டவர் உடனே அணியில் ஆடத் தொடங்குவார் என்பதும் இல்லை. அவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை மட்டுமே அணிக்குக் கிடைக்கிறது. 1991-இல் கியூபெக் நோர்டிக்ஸ் அணி எரிக் லிண்ட்ரோஸை முதலாவதாக எடுத்தது. அவரோ அந்த அணிக்கு ஆட மறுத்துவிட்டார். மறு ஆண்டு அவரைப் பிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் உட்படப் பல ஆட்டக்காரர்களையும் பிக்குகளையும் ஒன்றரைக் கோடி டாலரையும் அந்த அணி வாங்கிக்கொண்டது.

வயது வரம்பும் உண்டு. செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைந்தவர்கள் அவ்வாண்டு டிராஃப்ட்டுக்குத் தகுதி பெறுகிறார்கள். ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாள் தள்ளிப் பிறந்ததால் 2015 டிராஃப்ட்டைத் தவறவிட்டு, 2016-இல் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியால் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். அந்த இரண்டு நாள் மட்டும் மாறியிருந்தால் டொராண்டோவின் பத்தாண்டு வரலாறே வேறாக இருந்திருக்கும்.

## வரிசையை யார் போடுகிறார்கள்?

தோற்றவருக்கு முன்னுரிமை என்பதுதான் அடிப்படை. கோப்பையை வென்ற அணி முதல் சுற்றில் கடைசியாகக் கேட்கும். பட்டியலின் அடியில் கிடந்த அணி முன்னே கேட்கும். நம்மூர்ப் பொறியியல் கலந்தாய்வில் அதிக மதிப்பெண் எடுத்தவர் முதலில் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பார். இங்கே எல்லாமே தலைகீழ்: தேர்ந்தெடுப்பது கல்லூரி, முதலில் அழைக்கப்படுவது பின்தங்கிய கல்லூரி. ஒரே அணி ஆண்டாண்டாகக் கோலோச்சாமல் இருக்கட்டும் என்பதே இதன் நோக்கம்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. கடைசியாக வந்தால் முதல் ஆள் கிடைப்பார் என்றால், வேண்டுமென்றே தோற்பதில் லாபம் இருக்கிறது. அதைத் தடுக்க 1995 முதல் குலுக்கல் நடத்துகிறார்கள். இறுதிக்கட்டப் போட்டிகளுக்குத் தகுதி பெறாத 16 அணிகளும் குலுக்கலில் சேர்கின்றன. மோசமாக ஆடிய அணிக்கு வாய்ப்பு அதிகம். இன்றைய விதிப்படி குலுக்கலில் வெல்லும் அணி அதிகபட்சம் 10 இடங்கள் முன்னேறலாம். கடைசி இடத்தில் முடித்த அணி 3-ஆவது இடத்துக்குக் கீழே இறங்காது. 2025-இல் 10-ஆவது இடத்தில் நின்ற நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு முதல் பிக் கிடைப்பதற்கான வாய்ப்பு 3.5 விழுக்காடுதான். அது விழுந்தது. அந்த அணி மேத்யூ ஷேஃபர் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தது.

ஆக, பிக் என்பது ஆள் எடுக்கும் உரிமை. அதன் எண் அணியின் தோல்வியாலும் கொஞ்சம் குலுக்கலாலும் முடிவாகிறது. ஆட்டக்காரரின் தரத்தைப் பற்றி அந்த எண் இதுவரை எதையும் சொல்லவில்லை.

## தரவரிசை என்பது விவரமறிந்தவர்களின் ஊகம்

டிராஃப்ட்டுக்கு வரும் பையன்களுக்குப் பெரும்பாலும் வயது 17 அல்லது 18. கனடாவின் இளையோர் லீக்குகளிலும், அமெரிக்கக் கல்லூரிகளிலும், சுவீடன், ஃபின்லாந்து, ரஷ்யா போன்ற நாடுகளின் அணிகளிலும் ஆடுகிறவர்களை ஆண்டு முழுவதும் அலைந்து பார்த்து எழுதும் பணியாளர்களுக்கு ‘ஸ்கவுட்’ என்று பெயர். ஒவ்வோர் அணிக்கும் சொந்த ஸ்கவுட்டுகள் உண்டு. அவர்கள் தயாரிக்கும் பட்டியல் வெளியே வராது. நாம் பார்த்து வாதிடும் பட்டியல்கள் எல்லாம் வேறு யாரோ போட்டவை.

அவற்றில் பெயர்பெற்றது லீக்கின் சென்ட்ரல் ஸ்கவுட்டிங் துறை வெளியிடும் பட்டியல். இங்கேதான் புதியவர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். அது ஒரு பட்டியல் அல்ல, நான்கு பட்டியல்கள்: வட அமெரிக்காவில் ஆடும் களத்து ஆட்டக்காரர்கள், வட அமெரிக்கக் கோல் காப்பாளர்கள், ஐரோப்பாவில் ஆடும் களத்து ஆட்டக்காரர்கள், ஐரோப்பியக் கோல் காப்பாளர்கள். ஒருவர் ‘6-ஆவது இடம்’ என்றால் எந்தப் பட்டியலில் என்று கேட்காமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஐரோப்பியப் பட்டியலின் 6-ஆமவரை மொத்த டிராஃப்ட்டில் 20-க்கு அப்பால் எடுத்தால், “இவ்வளவு கீழே விழுந்துவிட்டாரே” என்று வருந்துவது பட்டியலைத் தவறாகப் படித்ததன் விளைவு.

சரியாகப் படித்தாலும் பட்டியல் ஊகமே. 18 வயதுப் பையன் 24 வயதில் எப்படி ஆடுவான் என்பதை உயரமும் வேகமும் ஓரளவே சொல்லும். 2015-இல் பாஸ்டன் புரூயின்ஸ் அணி 13, 14, 15 ஆகிய மூன்று பிக்குகளையும் அடுத்தடுத்து வைத்திருந்தது. அது எடுத்த மூவரில் ஜேக் டிபிரஸ்க் ஒருவரே நீண்டகால ஆட்டக்காரராக நிலைத்தார். உடனடியாக அடுத்த மூன்று இடங்களில் பிற அணிகள் எடுத்தவர்கள் மேத்யூ பர்ஸல், கைல் கானர், தாமஸ் ஷபோ. மூவரும் தத்தம் அணிகளின் தூண்களானார்கள். பாஸ்டனின் ஸ்கவுட்டுகள் வேலை தெரியாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். இந்த வேலையின் இயல்பு அப்படி. பின்னாளில் பெரும் நட்சத்திரமான ஹென்ரிக் ஸெட்டர்பெர்க் 1999-இல் 210-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அவரை எடுத்த டெட்ராய்ட் அணிக்கே அவர் இவ்வளவு வருவார் என்று தெரிந்திருந்தால், 209 பேர் போகும்வரை பொறுத்திருக்குமா?

## மாம்பழக் கூடையும் மதிப்புச் சரிவும்

ஒரு கூடை மாம்பழம் இருக்கிறது. பத்து வீட்டுக்காரர்கள் வரிசையில் வந்து ஆளுக்கு ஒன்று எடுக்கிறார்கள். முதலில் வருபவருக்கு நல்ல பழம் எது என்று கண்ணுக்கே தெரியும். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் ஏறக்குறைய அப்படியே. ஆறாமவர் வரும்போது மீதமிருப்பவை எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். எது இனிக்கும், எது புளிக்கும் என்பது அறுத்த பிறகுதான் தெரியும். ஆகவே 2-ஆவது இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வர நிறையக் கொடுக்கலாம். 8-இலிருந்து 7-க்கு வர அவ்வளவு கொடுக்கத் தேவையில்லை. இரண்டுமே ஓர் இடம்தான், ஆனால் விலை ஒன்றல்ல.

டிராஃப்ட்டின் மதிப்பும் இதே வடிவில்தான் சரிகிறது. தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெல்ல மெல்லத் தட்டையாகிறது. பழைய டிராஃப்ட்டுகளில் ஒவ்வோர் இடத்திலும் எடுக்கப்பட்டவர்கள் பின்னாளில் எவ்வளவு ஆடினார்கள் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு மதிப்பெண் தருவதற்குப் ‘பிக் மதிப்பு அட்டவணை’ என்று பெயர். ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது, 1990-களின் தொடக்கத்தில், டாலஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பின்னர் மைக்கேல் ஷக்கர்ஸ் போன்ற புள்ளியியலாளர்கள் ஹாக்கிக்கும் அட்டவணைகளைக் கணித்தார்கள்.

அட்டவணை சராசரியைச் சொல்லும். இந்த ஆண்டுக் கூடையை அது பார்ப்பதில்லை. சில ஆண்டுகளில் தெளிவாக நல்ல பழங்கள் நான்கு இருக்கும், ஐந்தாவது சட்டென்று தரம் குறைந்துவிடும். வேறோர் ஆண்டில் முதல் பழம் மட்டும் தனித்து நிற்கும். இப்படித் தரத்தில் ஒத்தவர்களைச் சேர்த்துப் பார்க்கும் குழுவை அணிகள் ‘அடுக்கு’ என்ற பொருளில் பேசுகின்றன. ஓர் அடுக்கு முடிந்து அடுத்த அடுக்கு தொடங்கும் இடத்துக்கு முன்னே போய்விட வேண்டும் என்பதே, முன்னேற விரும்பும் அணியின் உண்மையான கணக்கு. 6-இலிருந்து 4-க்கு வருவது “இரண்டு இடம்” என்று தோன்றும். அடுக்கு 4-இல் முடிகிறது என்று அந்த அணி நம்பினால், அது ஒரு பள்ளத்தைத் தாண்டுவது.

## முன்னேற்றம் எப்படி நடக்கிறது?

தன் பிக்கோடு வேறு ஏதாவது சேர்த்துக் கொடுத்து, மற்றோர் அணியின் முந்தைய பிக்கை வாங்குவதற்கு ‘டிரேட் அப்’ என்று பெயர். கொடுத்துவிட்டுக் கீழே இறங்கும் அணிக்கு அது ‘டிரேட் டவுன்’. ஒன்று நடந்தால்தான் மற்றொன்று நடக்கும். இந்தப் பேரத்தைப் பேசுபவர் அணியின் பொது மேலாளர். அணிகள் எல்லாம் ஒரே அரங்கில் கூடிய காலத்தில், ஒரு மேசையிலிருந்து ஒருவர் எழுந்து இன்னொரு மேசைக்கு நடந்தாலே பார்வையாளர் கூட்டம் ஆர்ப்பரிக்கும்.

மிகச் சிறிய முன்னேற்றத்திலிருந்து தொடங்குவோம். 2014-இல் டம்பா பே லைட்னிங் அணி 80-ஆவது பிக்கை வைத்திருந்தது. அதற்கு முந்தைய 79 மினசோட்டா வைல்ட் அணியிடம் இருந்தது. டம்பா தன் 80-ஐயும் பிந்தைய சுற்றுப் பிக் ஒன்றையும் கொடுத்து 79-ஐ வாங்கியது. ஒரே ஓர் இடம். பட்டியலின் அந்தத் தட்டையான பகுதியில் 79-க்கும் 80-க்கும் எந்த அட்டவணையிலும் வேறுபாடு தெரியாது. அப்படியானால் டம்பா எதை வாங்கியது? தன் பட்டியலில் இன்னும் மீதமிருந்த ஒரு பையனை, மினசோட்டா எடுத்துவிட முடியாது என்ற உறுதியை வாங்கியது. உயரம் குறைவு என்று பலர் தயங்கிய அந்தப் பையன் பிரேடன் பாயின்ட். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக்கின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் அவர் முன்னணி கோல் அடிப்பவர். டிரேட் அப் என்பதன் உயிர்நிலை இந்தச் சிறு பரிமாற்றத்தில் முழுமையாகத் தெரிகிறது என்பது என் கருத்து. அணி எண்ணுக்கு விலை கொடுக்கவில்லை, இன்னொருவர் முந்திக்கொள்வாரோ என்ற அச்சத்தைத் தீர்த்துக்கொள்ள விலை கொடுத்தது.

நடுத்தரமான ஒன்று 2008-இல் நடந்தது. அந்த ஆண்டு டிராஃப்ட் ஒட்டாவாவிலேயே நடந்தது. ஒட்டாவா செனட்டர்ஸ் தன் 18-ஆவது பிக்கையும் மறு ஆண்டின் 3-ஆம் சுற்றுப் பிக் ஒன்றையும் நாஷ்வில்லுக்குக் கொடுத்து 15-க்கு ஏறியது. எடுத்தது எரிக் கார்ல்சனை. லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதை அவர் மும்முறை பெற்றார். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன “மூன்றே மூன்று இடத்துக்காக ஒரு பிக்கா” என்ற வாக்கியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

## சகோதரர் இருவருக்காக மூன்று பரிமாற்றங்கள்

1999 டிராஃப்ட் பாஸ்டனில் நடந்தது. சுவீடனைச் சேர்ந்த இரட்டையர்களான டேனியல் செடின், ஹென்ரிக் செடின் இருவரும் ஒரே அணியில் ஆட விரும்பினார்கள். வான்கூவர் கனக்ஸ் அணியின் பொது மேலாளர் பிரையன் பர்க்கிடம் இருந்தது 3-ஆவது பிக் மட்டும். முதல் பிக் டம்பாவிடம், 2-ஆவது அட்லாண்டாவிடம், 4-ஆவது சிகாகோவிடம். ஒருவரை எடுத்தால் மற்றவரை வேறு அணி எடுத்துவிடும்.

பர்க் முதலில் சிகாகோவிடம் போனார். பிரையன் மக்கேப் என்ற தடுப்பாட்டக்காரரையும் மறு ஆண்டின் முதல் சுற்றுப் பிக்கையும் கொடுத்து 4-ஐ வாங்கினார். இப்போது அவரிடம் 3-உம் 4-உம் இருந்தன, போதாது. அடுத்து அந்த 4-ஐயும் 3-ஆம் சுற்றுப் பிக்குகள் இரண்டையும் டம்பாவுக்குக் கொடுத்து முதல் பிக்கை வாங்கினார். 1-உம் 3-உம் கைக்கு வந்தன. ஆனால் நடுவில் அட்லாண்டா உட்கார்ந்திருந்தது. முதல் பிக்கில் ஒரு சகோதரரை எடுத்தவுடன் அட்லாண்டா மற்றவரை எடுத்துவிட்டால் எல்லாம் வீண். அட்லாண்டா விரும்பியதோ செக் நாட்டு இளைஞர் பட்ரிக் ஸ்டெஃபானை. எனவே பர்க் முதல் பிக்கை அட்லாண்டாவுக்கே கொடுத்துவிட்டு, அதனிடமிருந்து 2-ஆவது பிக்கையும் கூடுதலாக ஒரு 3-ஆம் சுற்றுப் பிக்கையும் வாங்கிக்கொண்டார். அட்லாண்டா ஸ்டெஃபானை எடுத்தது. வான்கூவர் 2-இல் டேனியலையும் 3-இல் ஹென்ரிக்கையும் எடுத்தது.

இந்த நிகழ்வை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், அதன் கடைசிப் படியில் பர்க் கீழே இறங்கினார் என்பதுதான். வரிசையின் உச்சமான முதல் பிக் அவர் கையில் இருந்தது, அதைக் கொடுத்தார். வேறு யார் யாரை விரும்புகிறார்கள் என்று தெரிந்தவருக்கு 1-உம் 3-உம் சேர்ந்ததைவிட 2-உம் 3-உம் சேர்ந்தது மேலானதாக இருந்தது. செடின்கள் இருவரும் 2018-இல் ஓய்வு பெறும்வரை வான்கூவரைவிட்டுப் போகவில்லை. தலைக்கு 1,000 புள்ளிகளை (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்ந்த கணக்கு) தாண்டினார்கள். 2022-இல் ஹாக்கி புகழவையில் சேர்க்கப்பட்டார்கள். முதலாவதாக எடுக்கப்பட்ட ஸ்டெஃபானின் என்.எச்.எல். வாழ்க்கை 500 ஆட்டங்களை எட்டாமல் முடிந்தது.

ஆக, முன்னேறும் அணி வாங்குவது தான் விரும்பியவரை இழக்காத உறுதியை. இறங்கும் அணி வாங்குவது கூடுதல் வாய்ப்புகளை. தன் ஊகத்தின் மீது அதிக நம்பிக்கை உள்ளவர் ஏறுகிறார், குறைந்த நம்பிக்கை உள்ளவர் இறங்குகிறார். அமெரிக்கக் கால்பந்து டிராஃப்ட்டை ஆராய்ந்த கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு அறிஞர்கள், அணிகள் தங்கள் கணிப்பின் மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை வைத்து முன்வரிசைப் பிக்குகளுக்கு அதிக விலை கொடுக்கின்றன என்று காட்டினார்கள்.

## வருங்காலப் பிக்கும் ஏலச்சீட்டும்

அடுத்த ஆண்டின் பிக்கை இந்த ஆண்டே கொடுக்கலாம் என்பதுதான் புதியவர்களைப் பெரிதும் குழப்புகிறது. நமக்கு இதற்கு நல்ல உவமை வீட்டிலேயே இருக்கிறது. 20 பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டும் 1 லட்சம் ரூபாய் ஏலச்சீட்டில், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒருவர் முதல் மாதங்களிலேயே 30,000 தள்ளி 70,000-க்குச் சீட்டை எடுக்கிறார். கடைசி மாதம்வரை காத்திருப்பவருக்குக் கழிவின்றி முழுத் தொகை கிடைக்கும். தள்ளி எடுத்தவர் ஏமாளி அல்ல. அவருக்கு இன்றைய தேவை பெரிது. டிராஃப்ட்டிலும் இன்று வேண்டும் என்பவர் நாளையதைக் கூடுதலாகத் தள்ளிக் கொடுக்கிறார்.

சீட்டில் இல்லாத ஓர் ஆபத்து இங்கே உண்டு. கொடுக்கும்போது அந்த வருங்காலப் பிக்கின் எண் யாருக்கும் தெரியாது. 2009-இல் டொராண்டோ அணி ஃபில் கெஸலை வாங்குவதற்காக, 2010-இன் முதல் இரண்டு சுற்றுப் பிக்குகளையும் 2011-இன் முதல் சுற்றுப் பிக்கையும் பாஸ்டனுக்குக் கொடுத்தது. அந்தப் பருவத்தில் டொராண்டோ சரிந்து 30 அணிகளில் 29-ஆவதாக முடித்தது. கொடுத்த பிக் 2-ஆவதாகிவிட்டது. பாஸ்டன் அதில் டைலர் செகினை எடுத்தது. 2011-இன் பிக் 9-ஆவதாக வந்து டகி ஹாமில்டன் ஆனது.

இப்படி நேராமல் காத்துக்கொள்ள வைக்கும் நிபந்தனைக்குப் ‘பாதுகாப்பு’ என்று பெயர்: பிக் முதல் 10 இடங்களுக்குள் வந்துவிட்டால் அதை நாங்களே வைத்துக்கொள்வோம், அதற்குப் பதில் அடுத்த ஆண்டுடையதைத் தருவோம் என்பது போன்ற ஏற்பாடு. 2017-இல் மேட் டுஷேனைப் பெறுவதற்கு ஒட்டாவா தன் 2018 முதல் சுற்றுப் பிக்கை இத்தகைய பாதுகாப்போடு கொலராடோவுக்குக் கொடுத்தது. அணி சரிந்தது, பிக் 4-ஆவதாக வந்தது. ஒட்டாவா அதைத் தக்கவைத்துக்கொண்டு பிரேடி கச்சக்கை எடுத்தது. பின்னாளில் அவர் அணித் தலைவரானார். அதன் விலையாக 2019-இன் பிக்கைக் கொடுக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டும் ஒட்டாவா மோசமாகவே ஆடியது. அந்தப் பிக்கும் 4-ஆவதாக வந்தது; கொலராடோ அதில் போவன் பைரமை எடுத்து, 2022-இல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அதற்குள் டுஷேன் ஒட்டாவாவைவிட்டு எப்போதோ போயிருந்தார்.